ஒரே அட்டையில் இருவர்

படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் உங்கள் குடியுரிமைப் படிவத்தின் பதினேழாம் கேள்விக்கும் பதில் எழுதினேன். முன்பு வசித்த நாட்டில் உங்கள் குடியேற்ற நிலை என்ன, அனுமதியின்றித் தங்கியதுண்டா என்று கேட்டிருந்தீர்கள். வேலை அனுமதியுடன் நான்கு ஆண்டுகள், அனுமதியின்றி ஒரு நாளும் இல்லை என்று எழுதினேன். இப்போது அந்த நாட்டிலிருந்து வேலை அனுமதிக் கோப்பின் பழைய படத்தை வரவழைத்திருக்கிறீர்கள். படத்தில் இருப்பவருக்குப் புருவத்தில் தழும்பு, எனக்கு இல்லை. சின்ன வயதில் நான் தள்ளிவிட்டதில் தம்பிக்கு வந்த தழும்பு அது.

அனுமதி அவனுக்குத்தான் இருந்தது. என் விசா முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இருவருக்கும் ஒரே ஜாடை; மீன் குளிர்கிடங்கில் முகத்தை மூடிக்கொண்டால் கண்கள் மட்டும்தான் தெரியும். ஒரே நுழைவு அட்டை, ஒரே கனத்த மேலங்கி. காலையில் அவன், மதியத்துக்கு மேல் நான். மேற்பார்வையாளருக்கு நாங்கள் ஒரே ஆள். "நீ மனுஷனா மெஷினாடா? அலுப்பே வராதா உனக்கு?" என்பார். அதைச் சொல்லிச் சொல்லி அறையில் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

மதியம் மீன் வண்டியின் பின்னால் ஒளிந்து உள்ளே வருவேன். குளிர் அறையின் கடைசி அடுக்குக்குப் பின்னால் நின்று அவன் மேலங்கியையும் அட்டையையும் தருவான். அதே வண்டி கிளம்பும்போது ஏறி வெளியே போய்விடுவான்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் தந்தான். "நீ முதல்ல போய் மூஞ்சியக் காட்டுண்ணே. நான் பின்னாலயே வர்றேன்" என்றான். மேற்பார்வையாளர் சாவியோடு குளிர் அறை வாசலில் நின்றிருந்தார். மதிய வேலை ரத்து, இனித் திங்கட்கிழமைதான் என்றார். கணினி உள்ளே ஒரே ஆள் என்று காட்டியது. அது நான்.

"உள்ள வேற யாரும் இல்லையே?"

"இல்ல சார்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அனுமதியும் போயிருக்கும், இருவரும் மூட்டை கட்டியிருப்போம். அவனுடைய எதிர்காலத்தைத்தான் யோசித்தேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மேலங்கி என் உடம்பில் இருந்தது. கதவைப் பூட்டிய பிறகு தட்டும் சத்தம் கேட்டது. மோட்டார் சத்தம் என்றார் அவர். நானும் ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை அவசர எண்ணை அழுத்திவிட்டுத் துண்டித்தேன். துணி துவைத்தேன். மேலங்கியையும் துவைத்தேன்.

திங்கட்கிழமை கிடைத்த உடலில் அட்டை எதுவும் இல்லை. திருட வந்தவன் என்று போலீஸார் எழுதிக்கொண்டார்கள். அடையாளம் தெரிகிறதா என்று எல்லோரையும் போல என்னையும் கேட்டார்கள். தெரியாது என்றேன். அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அன்று மதியம் வேலைக்கும் போனேன்.

பிறகு அவன் பெயரிலேயே வேலை செய்தேன், அவன் பெயரிலேயே இந்த நாட்டுக்கு வந்தேன். "தம்பி ஏம்ப்பா எங்கிட்ட பேசவே மாட்டேங்குறான்?" என்று அம்மா போனில் கேட்பாள். "ஷிப்டும்மா" என்பேன்.

பதினேழாம் பதிலை மட்டும் அடித்துவிடச் சொல்லாதீர்கள். அந்தப் பெயரில் அனுமதியின்றி ஒரு நாளும் யாரும் தங்கியதில்லை. ஒன்பது வருடமாக அதில் ஒரு கறை விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அண்ணன் இதைவிட என்ன செய்ய முடியும்? குடியுரிமை கிடைத்தால் அது அவனுக்குத்தானே கிடைக்கும்.