துரையிடம் சொல்ல ஒரு வாக்கியம்

— அப்படி இல்ல மூக்கம்மா. மொதல்ல ‘ஐ நோ’. எனக்குத் தெரியும். அதுக்கப்பறம் ‘தட்’. என்ன தெரியுங்கிறது அதுக்கும் பின்னாலதான்.

— இதென்ன தாயி கூத்தா இருக்கு! எம் புருசன் எடுக்கலைங்கிறதைச் சொல்லிட்டுத்தான, அது எனக்குத் தெரியும்னு முடிக்கணும்?

— நம்ம பேச்சுல அப்படி. இங்கிலீசுல தலைகீழு. தெரியும்னு சொல்லி மொதல்ல நின்னுக்கிறணும். எங்க, சொல்லு. ஐ நோ தட் சின்னச்சாமி டிட் நாட் டேக் இட்.

— ஐ நோ தட்டு... சின்னச்சாமி... டிட்டு... அய்ய, நாக்கு சுளுக்கிக்கிரும் போலயே!

— மெதுவாச் சொல்லு. ஸ்பீக் ஸ்லோலி. பாத்தியா, இதுலயும் அப்படித்தான். ‘பேசு’ மொதல்ல, ‘மெதுவா’ பின்னால.

— செய்யிறதைச் செஞ்சுபுட்டு எப்படிச் செஞ்சோம்னு அப்பறமா யோசிக்கிற கூட்டமா இது? நல்லா இருக்கு போங்க. சரி, திரும்பச் சொல்லுங்க கிருபாவதியம்மா. மோட்டாரு வந்துறப் போகுது.

— வராது. தொரை மலையில இருந்து நம்ம தேவாரம் ஊருக்கு எறங்க உச்சிப்பொழுதாயிரும். நீ ஏன் இப்படி அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கிற? உக்காரு.

— உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் தாயி. காலு ஒரு எடத்துல தரிக்க மாட்டேங்குது. மனுசனை ஏலக்கா ஸ்டோருக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்காக. தொரை இங்க காய் எறக்குற டிப்போவுக்கு வந்து இன்னைக்கு உத்தமபாளையம் போலீசுக்குச் சொல்லி அனுப்பப் போறாராம். ஒத்தை மூடை ஏலக்காய்க்கு!

— காவக்காரன் இருக்கயில மூடை காணாமப் போனா அவனைத்தான கேப்பாக?

— கேட்டாகளே! காலையில பேரு கூப்புடுற பெரட்டுல, அம்புட்டுச் சனமும் நிக்கயில கேட்டாக. எம் புருசனும் உள்ளதைச் சொன்னாரு. எப்படிச் சொன்னாரு? “தொரை அவுகளே, நேத்து சாயங்காலம் மழை தூறிக்கிட்டு இருந்துச்சு, நான் காய் ஒணத்துற அடுப்புக்கு வெறகு தள்ளிக்கிட்டு இருந்தேன், அப்பப் பாருங்க”ன்னு இழுத்தாரு. விசயம் வாரதுக்குள்ள தொரை எந்திரிச்சுட்டாரு.

— அட ஏசப்பா! அதைத்தான சொல்றேன். அவுககிட்டச் சவ்வு மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கக் கூடாது. மிஷன் பள்ளிக்கூடத்துல எங்க மிஸ்ஸியம்மா பிரம்பை வச்சுக்கிட்டு நிப்பாக. என்ன செஞ்சேங்கிறதை மொதல்ல சொல்லு பெண்ணேம்பாக.

— இழுத்ததுகூடப் போகட்டும் தாயி. பக்கத்துல நின்னு இங்கிலீசுல மாத்திச் சொன்ன கணக்கெழுதுற ரைட்டரு இருக்காரே, அவரு தன் இஷ்டத்துக்கு முடிச்சுட்டாரு. “நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிறான்”னு சொல்லிட்டாரு. பங்களாவுல சமையக்காரரு அம்மாவாசி காதால கேட்டிருக்காரு. வாயைத் தெறந்தா வேலை போயிரும்னு தொரைகிட்டச் சொல்லாம, பெறகு எங்கிட்ட வந்து சொன்னாரு.

— கம்பத்து ரைட்டரா? எனக்கு அப்பவே தெரியும். கோயிலுக்கு வந்தப்பயே அந்தாளு முழிச்ச முழி சரியில்லை. எங்க வீட்டுக்காரரும் ரைட்டருதான, அவுககிட்டச் சொல்லி அவனை ஒரு வழி பண்ணச் சொல்றேன் பாரு.

— கம்பத்து ரைட்டரு ஊருல இல்ல தாயி. மாமனாரு செத்ததுக்குப் போயிருக்காரு.

— அப்ப?

— நேரமாச்சு தாயி, வாக்கியத்தைச் சொல்லுங்க.

— ஏய், என்னப் பாத்துச் சொல்லு. அப்ப யாரு?

— உங்க வீட்டுக்காரருதான் தாயி. வைகுண்டராஜு ஐயாதான்.

— வாயை அலம்பு! அவுக ஜெபம் பண்ணாம ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாக.

— மூடையக் கழுதை மேல ஏத்தச் சொன்னதே அவுகதான். தொரை உத்தரவுன்னு சொன்னாகளாம். ரைட்டரய்யா சொன்னா காவக்காரன் மறுக்க முடியுமா? கதவைத் தெறந்து விட்டுட்டாரு. சுருளி வேலப்பன் மேல சத்தியமா அதுதான் நடந்தது.

— இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னியா? என் வாயாலயே என் புருசனுக்குக் குழி தோண்டவா?

— வேற எங்கன போவேன்? இந்தப் பக்கத்துல பொம்பளைக்கு இங்கிலீசு சொல்லித்தர யாரு இருக்கா? போடிக்கு ரயிலு வந்த வருசம் நீங்க மலைக்காய்ச்சல்ல பாயோட பாயாக் கிடந்தீக. உங்க மகனுக்கு யாரு பால் குடுத்தா? ஒரு பக்கம் எம் மக, ஒரு பக்கம் உங்க மகன். சொல்லிக்காட்ட வரலை தாயி. சொல்லாம இருக்கவும் முடியலை.

— எனக்கு மறக்கலை. ஆனா ஒண்ணை நெனச்சுப் பாரு. தொரைக்குத் தெரிஞ்சா அவுகளுக்கு வேலை மட்டுமா போகும்? செயிலு. நான் இந்தப் பிள்ளைகளை இழுத்துக்கிட்டுப் போடியில எங்க அண்ணன் கடை வாசல்ல போயி நிக்கணும்.

— எம் பிள்ளைக நிக்கிறதுக்கு வாசலே இல்ல தாயி.

— அய்யோ ஏசப்பா, நான் என்ன செய்வேன்!

— அழுகாதீக. நான் யாரு குடியையும் கெடுக்க வரலை. ரைட்டரய்யா பேரை நான் எடுக்கவே மாட்டேன். எம் புருசன் வெளிய வந்தாப் போதும். அந்த ஒத்தை வாக்கியத்தைச் சொல்லிட்டு வந்துர்றேன்.

— சரி. சரி, இங்கன வா. முந்திச் சொன்னது உன் நாக்குல பொரளலை. சுருக்கிருவோம். ஐ நோ தட் சின்னச்சாமி டுக் இட்.

— ஐ நோ தட்டு சின்னச்சாமி டுக்கிட்டு. அட, இது லேசா வருதே! முந்தி நடுவுல இன்னும் என்னமோ இருந்துச்சே?

— அது வேணாம். சுருக்கமாச் சொன்னாத்தான் தொரை நிப்பாரு.

— நீங்க சொன்னாச் சரிதான். ஐ நோ தட்டு சின்னச்சாமி டுக்கிட்டு. ஐ நோ தட்டு... ஏன் தாயி உங்களுக்கு இப்படி வேர்க்குது?

— அடுப்பு அனல்.

— அடுப்பு அணைஞ்சுல்ல கிடக்கு.

— கேள்வி கேக்காமச் சொல்லிப் பாரு!

— ஐ நோ தட்டு சின்னச்சாமி டுக்கிட்டு! எப்படி? வெள்ளைக்காரி கெட்டா போங்க! எம் புருசன் கேட்டா அசந்துருவாரு. ஏழு மலைக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லப் போறேன்.

— சத்தம் வேணாம். மெதுவாச் சொன்னாப் போதும்.

— ஏன் மெதுவா? திருடுனவதான் மெதுவாப் பேசணும். தாயி, ஒரு யோசனை. எம் மக சுப்புத்தாயி டிப்போ வாசல்லதான் நிக்கா. அவளுக்கும் சொல்லிக்குடுத்துர்றேன். பச்சப்பிள்ளை, அப்பன் பேரைச் சொல்லி இங்கிலீசுல கேட்டா தொரை மனசு எளகிராது?

— பிள்ளையவா? வேணாம் மூக்கம்மா. பிள்ளை வாயில அது வேணாம்.

— அட, அவ கெட்டிக்காரி தாயி. ஒருக்காச் சொன்னாப் புடிச்சுக்கிருவா. அந்தா, ஆரன் சத்தம்! மோட்டாரு வந்துருச்சு. வாரேன் தாயி. நீங்களும் உங்க பிள்ளைகளும் நூறு வருசம் நல்லா இருக்கணும்.

— நில்லு!

— விடுங்க, கையை விடுங்க. தொரை எறங்கிருவாரு.

— அதைச் சொல்லாத. அதைச் சொன்னா உம் புருசன்தான் எடுத்தான்னு அர்த்தம். உன் வாயாலயே நீ அவனைக் காட்டிக் குடுத்துருவ. நான்தான் மாத்திச் சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சே செஞ்சேன்.

— என்னது?

— தெரிஞ்சேதான் செஞ்சேன்.

— அடிப் பாதகத்தி! நான் உங்களைச் சாமின்னு நெனச்சுல்ல கும்புட்டேன்! எம் மகளை விட்டே அவ அப்பனை... நீங்க நல்லா இருப்பீகளா? மண்ணாப் போயிருவீக!

— வையி. வேணும்கிற மட்டும் வையி. ஆனா அதை அப்பறம் வையி.

— அப்பறம் என்ன அப்பறம்! இப்ப நான் தொரைகிட்ட என்னத்தைப் போயிச் சொல்ல? எந்தப் பேச்சை நம்பிச் சொல்ல?

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கிறிஸ்மசுக்குத் தொரை இனாமாக் குடுத்தாருன்னு அவுக சொன்னாக, நானும் நம்பிட்டேன். உள்ள வந்து ஒரு முனையப் புடி மூக்கம்மா, அந்த மூடை என் கட்டிலுக்கடியிலதான் கிடக்கு.