சேசுராஜ் எழுதாத எழுத்து

திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஓடுகிறேன். நிமிர முடியாது. கம்பி தலையில் இடிக்கும். குனிந்தபடியே ஓடுகிறேன். ஒரு கையில் மகள் அமலி. எட்டாவது படிக்கிற பிள்ளை. ஆனாலும் கையை விடவில்லை. பின்னால் ஜீப் கதவு அடைக்கிற சத்தம். இன்னொரு கதவு. இன்னொன்று.

பக்கத்துத் தோட்டத்துச் செல்வி கத்துகிறாள்.

"எக்கா, போலீசு வந்துட்டாக. வாய்க்கா பக்கமா ஓடு."

ஓடினேன். நாங்கள் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மருந்தடித்தது என் வீட்டுக்காரர் சேசுராஜ். திடீரென்று மோட்டார் நின்றது. எண்ணெய் தீர்ந்து நின்றால் இருமி இருமி நிற்கும். அன்று ஒரே வெட்டாக நின்றது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். நான் வாய்க்காலுக்குள் உட்கார்ந்து மகளின் வாயைப் பொத்தினேன்.

என்னைப் பிடிக்க வந்தார்கள் என்றுதான் ஓடினேன். அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கல் குவாரி. மதியம் வெடி வைப்பார்கள். முதலில் தரை உதறும். பிறகு சத்தம். கடைசியாக அடுப்படியில் பாத்திரங்கள். பந்தலின் கல்தூண்கள் விரிசல் விட்டன. கிணற்றில் தண்ணீர் கீழே போனது. அனுமதி எப்போதோ முடிந்த குவாரி அது. மனு கொடுத்தோம். மனு கொடுத்தவர்கள் வீட்டுக்கே போலீஸ் வந்தது. செய்தி எடுக்க வந்த நிருபர் ஒருவரைக் கம்பம் டவுனிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த நிருபரும் வரவில்லை.

அதனால் நான் எழுதினேன். பேஸ்புக்கில் ஒரு பக்கம். 'மதிய வெடி' என்று பெயர் வைத்தேன். என் பெயரைப் போடவில்லை. இன்று எந்த வீட்டுச் சுவர் பிளந்தது, குவாரி வாசலில் யாருடைய வண்டி நிற்கிறது, எல்லாம் படத்தோடு போட்டேன். தேனி மார்க்கெட் வரை படித்தார்கள். போடுவதற்கு முன் சேசுராஜுக்கு வாசித்துக் காட்டுவேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.

"இன்னுங் கொஞ்சம் காரமாப் போடு" என்பார்.

குழம்பைச் சொல்கிறாரா, எழுத்தைச் சொல்கிறாரா என்று நான் கேலி செய்வேன்.

அவருக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியும். கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தைத் தொடங்கிய சிம் அவர் பெயரில். எங்கள் பக்கம் எந்த வீட்டில் பெண் பெயரில் சிம் வாங்குகிறார்கள்? அவருடைய ஆதாரைக் காட்டி அவர்தான் வாங்கி வந்தார். என் கையில் கொடுத்தார். யார் பெயரில் இருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

மகளைச் செல்வியிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். தரையில் உட்கார்ந்திருக்கிறார். பனியனோடு. கை இரண்டும் நீலம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தின் நீலம். கழுவ விடவில்லை. அதன் மேலேயே மை தடவி ரேகை எடுத்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "சார், எழுதுனது நாந்தான். அவுகளுக்கு எழுதவே வராது. பேப்பர் குடுங்க. இங்கனயே எழுதிக் காட்டுறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன். மேசையிலிருந்த பேப்பரை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவுக்குக் கை நீட்டினேன்.

அப்போது சேசுராஜ் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதர்.

"சார், இவ ஒரு கிறுக்கச்சி. பலசரக்குச் சிட்டகூட எழுதத் தெரியாது இவளுக்கு. புருசன விடச் சொல்லி ஒளறுறா. எழுதுனதெல்லாம் நாந்தான்."

பிறகு என்னிடம். "வீட்டுல பிள்ள தனியாக் கெடக்கு. போ."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பேப்பரை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லும்போது சேசுராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்திருந்தால் நான் அங்கிருந்து நகர்ந்திருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும்.

அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டினார் என்று வழக்கு. ஜாமீன் கிடையாது. வருஷக்கணக்காக மருந்துப் புகையில் நின்ற நெஞ்சு அவருக்கு. இழுப்பு உண்டு. மூச்சுக்கு உறிஞ்சுகிற பம்பை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனேன். டாக்டர் சீட்டு கேட்டார்கள். சீட்டோடு போனேன். அரசு டாக்டர் சீட்டு என்றார்கள். அதையும் வாங்கிப் போனேன். வாசலில் பம்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போய்ச் சேர்ந்ததா தெரியாது.

பார்க்க விடுகிற இடத்தில் நடுவில் கம்பி வலை. இரண்டு பக்கமும் கூட்டம். எல்லோரும் கத்துவார்கள். ஜட்ஜிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று நானும் கத்தினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அவருக்குக் கத்த மூச்சு இல்லை. உதடு அசைந்தது. 'அமலி' என்பது மட்டும் புரிந்தது. நானும் சிறைக்குப் போய்விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. ஜட்ஜிடம் நான் போகவில்லை.

திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தபோது சேதி வந்தது. செல்விதான் பந்தலுக்கு அடியில் குனிந்து வந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. பக்கத்தில் வந்து என் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

இயற்கை மரணம் என்று காகிதம் கொடுத்தார்கள். முகத்தை விடக் கையைத்தான் அதிகம் பார்த்தேன். வெளுத்துப்போய்ச் சுத்தமாக இருந்தது. நீலம் இல்லாத அந்தக் கையை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கோயில் மணி அடித்தது. அது அடங்குவதற்குள் குவாரி வெடி. தரை உதறியது. பெட்டியும் சேர்ந்து அசைந்தது.

இழந்தது இவ்வளவு. ஒரு போன், போலீஸ் எடுத்துப் போனது, திரும்பி வரவில்லை. பந்தல் குத்தகை. கிணற்றுத் தண்ணீர். 'மதிய வெடி' பக்கம், அதிலிருந்த எல்லாப் படங்களோடும். சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசிக்கிற பழக்கம். ஒரு ஆள்.

ஆள் இல்லாததால் வழக்கை முடித்துவிட்டார்கள். அந்த வழக்குக் காகிதங்களில் ஒவ்வொரு பதிவின் கீழேயும் அவருடைய கையெழுத்து இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்டது.

அமலி படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள். அவர் கேட்டதைச் செய்துவிட்டேன். இன்றும் மதியம் வெடி வைத்தார்கள்.

எழுதியது நான். என் பெயர் ரெஜினா மேரி.