பூண்டு பிஸ்கட் வேண்டாம்

— பூண்டு வாசனை மூக்கைத் துளைக்குது. இந்தப் பாக்கெட்டை யாருடா வாங்கச் சொன்னா?

— நீதானேக்கா சீஸோட வைக்க கிராக்கர் பிஸ்கட் வாங்கிட்டு வரச் சொன்னே. அதாவது, கடையில இருக்கிறதுலயே நல்லதாப் பார்த்து எடுத்தேன். பூண்டு, மிளகு, வெங்காயம்...

— ஓட்டல் செஃப் அம்மா நம்ம சீஸை ருசி பார்க்க வர்றாங்க. பூண்டை இல்ல.

— அதாவது, கூடக் கொஞ்சம் காரசாரமா இருந்தா எடுப்பா இருக்கும்ல.

— எடுப்பும் வேணாம், எடுபிடியும் வேணாம். வருஷம் பூரா நம்மகிட்டயே வாங்கலாமான்னு முடிவு பண்ண வர்றாங்க. நீ போட்ட சீஸை நீயே மூடி மறைச்சா எப்படிடா? அது கிடக்கட்டும், இந்த இளசு சீஸை எடு. அந்த மெல்லிசு பிஸ்கட்ல தடவு.

— உடைஞ்சு போச்சு.

— பார்த்தியா. அவங்க மடியில விழுந்துச்சுன்னா நம்ம மானமும் சேர்ந்து விழும். மெத்துனு இருக்கிற சீஸுக்கு எள்ளு போட்ட இந்தத் தடி பிஸ்கட்தான். தாங்கும்.

— சரிக்கா. முத்தின சீஸுக்கு?

— அதுக்கு வெறும் மாவும் தண்ணியுமாச் சுட்ட இந்த வெள்ளை பிஸ்கட். மொறுமொறுன்னு ஒரு சத்தம் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். மிச்சத்தை சீஸ் பார்த்துக்கும்.

— சப்புனு இருக்கும்க்கா.

— தின்னு பார்த்துச் சொல்றியா, சும்மா சொல்றியா? இந்தா, சேர்த்துக் கடி.

— ம். நல்லாத்தான் இருக்கு.

— இது?

— இதுவும் பரவாயில்ல. அதாவது, உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

— தம்பி, அது சர்க்கரை தூவினது. டீக்கு வாங்கி வச்சது.

— சர்க்கரையா?

— என்னைப் பாரு. இப்பவாவது வாயைத் திறந்து சொல்லு.

— அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்போ போனதுக்கா. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. வந்தாலும் வரும்ங்கிறார் டாக்டர். சீஸ் போடுறவனுக்கு நாக்கு செத்துப் போச்சுன்னு எப்படிக்கா வெளியில சொல்றது?

— அதான் பூண்டும் மிளகுமா வாரிட்டு வந்தியா?

— ஆமா. உள்ள ஏதாவது கோளாறு இருந்தாலும் எனக்குத் தெரியாதே. பூண்டு மறைச்சிடும்னு பார்த்தேன். வேணாம்க்கா. போனைப் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடு.

— சொல்ல மாட்டேன்.

— பொய் சொல்லி விக்கச் சொல்றியா?

— பொய் எதுக்கு? அவங்க உள்ள வந்து உட்கார்ந்ததும் நானே சொல்லப் போறேன். தம்பிக்குக் காய்ச்சல்ல ருசி போச்சு, இனிமே பதம் அவன் பார்ப்பான், ருசி நான் பார்ப்பேன்னு. பால் திரியுற பதம் உன் விரலுக்குத் தெரியுது. வட்டமா வார்த்த சீஸ் வட்டைத் தட்டினா உள்ள வெடிப்பு இருக்கான்னு உன் காதுக்குத் தெரியுது. அதெல்லாம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. நாக்கு ஒண்ணுதானே குறையுது? அது என்கிட்ட இருக்கு.

— விளையாடாதேக்கா. நீ லேபிள் ஒட்டி வண்டியில ஏத்துறவ. எந்த வட்டு பழுத்திருக்கு, எதை வெளிய அனுப்பலாம்னு உனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் அந்த ஓட்டலுக்கு அனுப்ப நான் கண்ணை மூடிக்கிட்டு ஒரு வட்டை எடுத்துக் கொடுத்தேன். குருட்டு அதிர்ஷ்டம், அதைச் சாப்பிட்டுட்டுத்தான் அந்த அம்மா இன்னிக்கு நம்மளைத் தேடி வர்றாங்க. அது எப்பவும் அடிக்காது.

— நீ எடுத்துக் கொடுத்தது கசந்துச்சுடா. ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு துளி கிள்ளிப் பார்த்துட்டு அதைக் குப்பையில போட்டேன். அந்த அம்மா சாப்பிட்டது, அலமாரி முழுக்கக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து நான் எடுத்து அனுப்பினது.