கொஞ்சம் நகரும்

சாயங்கால ஆவடி ரயிலில், அம்பத்தூரில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனி அட்டை.

“நான் அழுது இருபது நாளாச்சு,” என்றாள் மூத்தவள், மணி சொல்வதுபோல. நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“போன்ல மகிழ்ச்சி வகுப்பு எடுக்குறாங்களே, அதாலயா அக்கா? நானும் சேரலாம்னு கீறேன்,” என்றாள் இளையவள்.

“சேரு. ஆனா ரொம்ப எதிர்பாக்காதே. துக்கம் சுத்தமா போவாது, கொஞ்சம் நகரும், அவ்ளோதான்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. தினம் காலைல ஒரே கண்ணாடியப் பாத்து அஞ்சு நிமிஷம் சிரிக்கணும்.”

“நகந்து எங்க போவும்?”

மூத்தவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“எங்க ஊட்டுக்காரரு அதே கண்ணாடியிலதான் ஷேவ் பண்ணுவாரு. பத்து நாளு, சோப்பு போட்டதும் கண்ணுல தண்ணியா கொட்டுச்சு. இன்னாத்துக்கு அழுவுறோம்னு அவருக்கே தெரியல.”

“அந்தக் கண்ணாடிய எடுத்துடுக்கா.”

“எடுத்துட்டேன். அவருக்குப் புதுசு வாங்கிக் குடுத்தேன், இப்ப நல்லா கீறாரு. பழச நம்ம கம்பெனியில மாட்டிட்டேன். காலைல சீக்கிரம் வந்து அங்கியே சிரிச்சுக்குறேன்.”

அண்ணனூர் வந்தது. யாரும் இறங்கவில்லை. இளையவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

“கை கழுவுற இடத்துல மாட்டிக் கீதே, அதுவா? மத்தியானம் அதுல பாத்துத்தானேக்கா நான் பொட்டு வச்சேன்.”

மூத்தவள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“பயப்படாதே. கொஞ்சம்தான் நகரும்,” என்றாள் சிரித்தபடி.