எபியின் தலகாணி காயவே இல்ல

இல்லக்கா, உக்கார நேரமில்ல. தரைல சொட்டும்னுதான் பக்கெட்டோட எடுத்துட்டு வந்தேன். எங்க எபியோட தலகாணி. பஞ்சு இல்லக்கா, மைக்ரோபீட். உள்ள ரவை மாதிரி தெர்மாகோல் மணி. அமுக்கிப் பாருங்க, மணல் மாதிரி நழுவும். அவனுக்கு அந்த நழுவல்தான் வேணும். இருபது வயசாகுது, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனா இது கைல இருந்துச்சுன்னா சத்தமே வராது. இப்பக் கேக்குதில்ல, கீழ சுவத்துல இடிக்கிற சத்தம்? அவன்தான். தலையால இடிக்கிறான். அவங்கப்பா புடிச்சிட்டுதான் இருக்காரு.

காலைல நல்ல வெயில்க்கா. அத நம்பித்தான் நனைச்சேன். மெஷின்ல போடல, தையல் விட்டுச்சுன்னா மணியெல்லாம் கொட்டிடும், அள்ள முடியாது. ஒரு பழைய உறைக்குள்ள போட்டு, வாயக் கட்டி, பச்சத்தண்ணில ஷாம்பு விட்டு அமுக்கி அமுக்கி அலசினேன். முறுக்கக்கூட இல்ல. டவல்ல சுத்தி, மேல ஏறி உக்காந்து தண்ணிய எடுத்தேன். மொட்ட மாடில வெச்சிட்டு எறங்கறேன், புடிச்சுது பாருங்க மழை.

டிரையரா? கேம்ப் ரோடு லாண்டரிக்குப் போயிட்டுதான் வரேன். சூடு பட்டா மணி உருகிக் கட்டியாயிடும், என்னால முடியாதுன்னுட்டாரு. ஃபேனுக்கு அடில வெச்சா மேல மட்டும் காயுது. அமுக்கினா உள்ளேர்ந்து தண்ணி வருது.

அதான்க்கா. உங்க பெட்ரூம் ஏசில டிரை மோடுன்னு ஒண்ணு இருக்காமே, ரூம் ஈரத்தையே இழுத்துடும்னு எங்க தங்கச்சி ஜெனி சொன்னா. ஒரு ஓரமா வெச்சிட்டுப் போறேன். இன்னிக்கு மட்டும்.

புதுசு வாங்காம இருப்பேனா? மோந்து பாத்தான், பால்கனிலேர்ந்து வீசிட்டான்.

கையா? உறைய உருவுறப்போ கடிச்சிட்டான். அத விடுங்க. அவன் வேணும்னு பண்ணலக்கா.

நல்லா வெயில் அடிக்கிற நாளாப் பாத்து நனைச்சிருக்கலாம்தான். நான் வந்ததுலேர்ந்து நீங்களும் அதையேதான் கேக்கறீங்க, ஏன் இன்னிக்கேன்னு. துவைச்சு, நல்லாக் காய்ஞ்ச சாமானாத்தான் கொண்டு வரணுமாம். ஈரமா இருந்தா வெளியவே வெச்சிடுவோம்னுட்டாங்க.

படப்பைல ஒரு ஹோம்க்கா. நாளைக்குக் காலைல எபியக் கொண்டு போய் விடறோம். நான் எவ்வளவோ பாத்துட்டேன், அவனப் புடிச்சு நிறுத்த என்கிட்ட தெம்பில்ல. அவங்கப்பாவுக்கும் முடியல. கொஞ்ச நாள் எங்க மூஞ்சியே காட்டக் கூடாதாம், அப்பதான் பழகுவானாம். இதுவாவது அவன்கூட இருக்கட்டும்னு பாக்கறேன்.

அவன்கிட்டயா? பீச்சுக்குப் போறோம்னு சொல்லியிருக்கேன்.

ரிமோட்டு எங்கக்கா வெச்சிருக்கீங்க?