தழும்பில்லாத முகம்

அணில்வால் முடியில் கட்டிய தூரிகைதான் நல்லது, ஐயா. இமை முடியை ஒவ்வொன்றாக வைக்கலாம்.

மாக்டெல்ட்டை அதில்தான் வரைந்தேன். பாய்மரச் சீலை தைக்கும் யூஸ்டின் மனைவி. அவன் பத்தேவியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறான், திரும்ப மூன்று வருடம் ஆகும், கழுத்தில் மாட்டிக்கொள்ள அவள் முகம் வேண்டும் என்றான். கோழிமுட்டை அளவு செப்புத்தகடு. எட்டு நாள் வேலை. டெல்ஃப்ட் நகரத்தில் அதுபோல இன்னொன்று இல்லை.

மறுவருடம் அவளுக்குப் பெரியம்மை வந்தது. அவள் பிழைத்தாள், முகம் பிழைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் வேறு தெருவுக்குக் குடிபோய் முக்காட்டுக்குள்ளேயே இருந்தாள்.

போன மே மாதம், கப்பல் திரும்புகிறது என்று கேள்விப்பட்டு என் பட்டறைக்கு வந்தாள்.

"இப்ப இருக்கற மூஞ்சியவே ஒண்ணு வரைஞ்சு குடுங்க. முன்னாடியே துறைமுகத்துக்கு அனுப்பிடறேன். மனுஷன் திடுக்குன்னு பாத்து மிரளக் கூடாதில்ல?"

"அப்போ அந்தப் படம்?"

சிரித்தாள். "அது கெடக்கட்டும். அது யாரோ ஒரு பொம்பளை."

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. உட்காரச் சொன்னேன். முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்தேன். முதல் பூச்சு காயும் நேரம்கூட ஆகவில்லை. விறகறைத் தரையோடுகளை நானே பெயர்த்து, நானே பதித்தேன்.

யூஸ்ட் வந்தான். படத்தை வீடுவீடாகக் காட்டி, "இந்தம்மாவப் பாத்தீங்களா?" என்று கேட்டான். இவ்வளவு அழகைப் பார்த்திருந்தால் மறப்போமா என்றார்கள் எல்லோரும். என்னிடமும் வந்து அழுதான். பியர் ஊற்றிக் கொடுத்தேன். அந்த ஒரு மாதம் ஊரே என் படத்தைப் பார்த்தது, ஐயா.

நேற்று மறுபடி வந்தான். அம்மை விஷயத்தை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, இதுலயே தழும்ப வச்சுக் குடுங்க. அப்பத்தான் பாத்தவங்களுக்கு அடையாளம் தெரியும்."

முடியாது என்றேன்.

"நீங்க மாட்டேன்னா போங்க. பாலத்தடி லாம்பர்ட் வச்சுத் தர்றேன்னுட்டாரு."

லாம்பர்ட் மதுக்கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். பன்றிமுடித் தூரிகை.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். அவள் விறகறையில், இடப்பக்கச் சுவரோரம், நான்காவது வரிசை ஓட்டுக்கடியில் இருக்கிறாள். இனி யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் ஆள் அனுப்புங்கள், ஐயா. விறகறைக்கு அப்புறம் போகலாம், முதலில் லாம்பர்ட் வீட்டுக்கு.