அழித்து எழுதிய பதினொரு விடைகள்

முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் பேருந்துப் பணிமனையின் உளவியல் ஆலோசகராக இருந்து இன்று விடைபெறும் அம்மையீர்! அடுத்தவர் மனத்தை அளக்க வந்து, அளவுகோலையே சந்தேகித்தவரே! ஓட்டுநர்கள் முதலில் முதுகுக்குப் பின்னாலும் பிறகு முகத்துக்கு நேராகவும் 'கேள்வி மேடம்' என்று கூப்பிடும் பெருமைக்குரியவரே!

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நீங்கள் தயாரித்த வினாத்தாளை ஓட்டுநர் ஒருவர் சட்டைப் பையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். உங்கள் அறையிலேயே உட்கார்ந்து நிரப்ப வேண்டிய தாள் அது. அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எடுத்து வந்துவிட்டார். அவர் என் கணவர். நாற்பத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். நான் வாசித்தேன், அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்தேன்.

சிறிய விஷயங்களுக்கும் எரிச்சல் வருகிறதா?

"உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்தா, வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்தா? அதையும் கேக்கச் சொல்லு."

தனிமையாக உணர்கிறீர்களா?

"பின்னாடி எழுபது பேரு தொங்கிக்கிட்டு வர்றான். கொஞ்ச நேரம் தனியா விட்டா நல்லாருக்கும்."

பணியின்போது கண் அயர்ந்தது உண்டா?

அதற்கு அவர் வேடிக்கை பேசவில்லை. "அடிக்கடின்னு போடு" என்றார். போட்டேன்.

அவர் முகம் கழுவப் போனபோது தாளை மறுபடி பார்த்தேன். அந்த மாதம்தான் இரண்டு ஓட்டுநர்களை 'மனநிலை சரியில்லை' என்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, வண்டி கழுவும் இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் மகளுக்கு நான்கு வயது. ரப்பரை எடுத்துப் பதினொரு விடைகளை அழித்தேன். 'அடிக்கடி' என்பது 'எப்போதாவது' ஆயிற்று. 'எப்போதும்' என்பது 'ஒருபோதும் இல்லை' ஆயிற்று. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பரவால்லையே, இந்த ஆளு நல்லாத் தூங்குறானே!" என்றார். இருவரும் சிரித்தோம். சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

மறுநாள் தாளை உங்களிடம் கொடுத்தார். நீங்கள் 'தகுதி' என்று முத்திரை வைத்தீர்கள். நான்காம் நாள், டபுள் டியூட்டி முடிந்து பயணிகள் எல்லோரையும் இறக்கிவிட்டு, காலி வண்டியைப் பணிமனைக்குள் திருப்பும்போது மதில் சுவரில் மோதி இறந்தார். பகல் இரண்டு மணி. நல்ல வெளிச்சம். பிரேக் போட்ட தடம் தரையில் இல்லை.

அந்தப் பதினொரு விடைகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று சொல்லாவிட்டால், உங்கள் இறுதி அறிக்கையின் உண்மையல்லாத ஒரு வரிக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் இந்த வாழ்த்து மடலை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். ஊழியர்கள் அனைவரும் முழுவதும் படித்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள். எல்லோரும் உடனே சம்மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

அம்மையீர்! துக்கத்துக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான் ஒரு மதிப்பெண் தாளோடு வந்தீர்கள். செருப்பைக் கூடக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்று, "என் கணக்குப்படி உங்க வீட்டுக்காரர் நல்லா இருந்தாரும்மா. என் கணக்குல ஏதோ தப்பு இருக்கு. மன்னிச்சிருங்க" என்றீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் துயரம் என்று எடுத்துக்கொண்டீர்கள். துயரமும் இருந்தது.

ஓராண்டு கழித்துக் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். எத்தனையோ அறைகள் இருக்க, உங்கள் அறைக்கே உதவியாளராக அனுப்பினார்கள். நீங்கள் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, அந்த வினாத்தாள் கட்டுகளை இனி வேண்டாம் என்று அலமாரியில் வைத்துப் பூட்டுவது. துளையிட்ட ஓர் அட்டையை விடைத்தாள் மேல் வைத்து மதிப்பெண் எண்ணுவீர்கள்; அந்த அட்டையையும் உள்ளே வைக்கச் சொன்னீர்கள். அட்டையை வைத்தால் துளையில் குறி மட்டும்தான் தெரியும். அழித்து அழித்துப் பஞ்சாகிப்போன தாள் தெரியாது. உங்கள் கண்ணுக்கு அது எப்படித் தப்பியது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததைத்தான் இந்த மண்டபம் பாராட்டக் கூடியிருக்கிறது. பாராட்டுவது எங்களுக்கு எளிதாக இல்லை. நீங்கள் பாராட்டை உட்கார்ந்து கேட்கிறவர் இல்லை; இப்போதும் நாற்காலியின் நுனியில்தான் இருப்பீர்கள்.

அறையை விட்டு வெளியே வந்தீர்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை ஆறு வாரம் பயணம் செய்தீர்கள். எத்தனை முறை பிரேக், எத்தனை வசவு, கழிப்பறைக்கு இறங்க எத்தனை நிமிடம், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மூடிய நேரம் என்று எழுதினீர்கள். ஏழாம் வாரம், யார் யாருக்கு எந்த வண்டி, எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும் பணிப் பட்டியலைக் கேட்டு மேலாளரிடம் போனீர்கள்.

"மேடம், மனசைப் பாக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்? டியூட்டி லிஸ்ட் எதுக்கு?"

"மனசு அதுலதான் சார் இருக்கு."

அந்தப் பதிலை நடத்துநர்கள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "மாப்ள, உன் மனசு எங்க இருக்கு?" "எட்டாம் நம்பர் வண்டியில, பின் சக்கரத்துக்கு அடியில." கேலி ஓய்ந்தபோது பார்த்தால், பட்டியலைப் பற்றிப் பேச உங்கள் அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

உங்கள் துறையினரின் மாநாட்டுக்கு நானும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, இது உளவியலே அல்ல, தொழிற்சங்கத் தலைவர் பார்க்க வேண்டிய வேலை என்றார். மண்டபம் சிரித்தது. நீங்கள் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது: "மனசு மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்குன்னு நமக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. நானும் அங்கேயே தேடினேன். களைச்சுப்போனவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, அதே சீட்டுக்கு அனுப்பினேன். அது வைத்தியமா, ரிப்பேரா? நம்மை அளக்கச் சொன்னது யாரு, அளந்த கணக்கு யார் கைக்குப் போகுதுன்னு நாம முதல் நாளே கேட்டிருக்கணும்." யாரும் கைதட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், சரியாகச் சொல்லவில்லை என்று உங்களையே திட்டிக்கொண்டு வந்தீர்கள்.

எல்லாம் உங்களுக்குச் சரியாகவே அமைந்தது என்று எழுதினால் நீங்களே இந்த மடலைப் பிடுங்கித் திருத்துவீர்கள். எங்கள் வயர்மேன் வேலைக்கு வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, எல்லாம் வேலை நெருக்கடி, பட்டியல் மாறினால் சரியாகும் என்றீர்கள். பட்டியல் மாறியது. அவர் மாறவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது மருந்தும் மருத்துவரும். அது புரிந்த அன்று நீங்களே ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிப்போனீர்கள். வழியில், "முன்னாடி எல்லாத்தையும் உள்ள தேடினேன், இப்ப எல்லாத்தையும் வெளிய தேடுறேன். ரெண்டும் சோம்பேறித்தனம்" என்றீர்கள். வயர்மேன் இன்று இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஒலிபெருக்கியைக் கட்டியது அவர்தான்.

ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் நடுவே எட்டு மணி நேரமாக இருந்த இடைவெளி பத்தாயிற்று. அதற்கு ஐந்து ஆண்டுகள், பத்தொன்பது கடிதங்கள். டபுள் டியூட்டியை நிறுத்த முடியவில்லை. எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்ற விதி மட்டும் வந்தது. பயத்தில் எழுதிக் கொடுக்கும் சம்மதமும் என் ரப்பரைப் போன்றதுதான் என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

நீங்கள் பணிமனைக்கு விட்டுச் செல்லும் இறுதி அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான். ஏழாம் பக்கத்தில், "என் வினாத்தாள் ஓர் ஓட்டுநரின் களைப்பைக் கண்டுபிடிக்கத் தவறியது" என்று இருக்கிறது. விழா முடிந்ததும் கையெழுத்திடப் போகிறீர்கள். போன வாரம், செல்பேசியில் மனநிலை அளக்கும் ஒரு நிறுவனத்தார் மேலாளர் அறைக்கு வந்தார்கள். அறிக்கையின் வரைவு அவர் மேசையில் இருந்தது. தேநீர் கொண்டுபோன நான் கேட்டது இது: "உங்க மேடமே பழைய டெஸ்ட் ஃபெயில்னு எழுதியிருக்காங்களே சார். எங்ககிட்ட நூத்தியிருபது கேள்வி. பொய் சொன்னாலும் பிடிச்சிரும்."

அன்றே முடிவு செய்தேன். உங்கள் வாக்குமூலத்தைப் படியாக வைத்து அந்தத் தாள் மறுபடி இந்தப் பணிமனைக்குள் ஏறக் கூடாது.

எங்கள் மூத்த நடத்துநர் தடுத்தார். "மாலை போடுற நேரத்துல இதெல்லாமா தங்கச்சி? அந்தம்மா மனசு என்ன பாடுபடும்?" பிறகு அவரே ஒரு பீடியைப் பிடித்து முடித்துவிட்டு வந்து, "எழுது. பதினாலு வருஷமா அவங்க கேட்டுக்கிட்டு இருக்கிறதே இதத்தான்" என்றார். நேற்று மகளிடமும் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். "அப்பாவும் பாத்துட்டுத்தானேம்மா குடுத்தாரு?" என்று கேட்டாள்.

அம்மையீர்! உங்கள் வினாத்தாள் தவறவில்லை. அது கேட்ட கேள்விக்கு உண்மையான விடை முதலில் எழுதப்பட்டது, பிறகு அழிக்கப்பட்டது. அழித்தவளுக்குக் கணவன் கண் அயர்வது தெரியும். அது தெரிந்தால் வேலை போகும் என்பதும் தெரியும். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று அவள் தவறாக முடிவு செய்தாள். பொய்யைப் பிடிக்கும் கேள்விகளை இன்னும் நூறு சேர்த்தாலும், விடை சொன்னவனை வண்டி கழுவ அனுப்பும் இடத்தில் வீட்டுக்கு வீடு ஒரு ரப்பர் இருக்கும். ஏழாம் பக்கத்து வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். கேட்டவரும் பதில் சொன்னவரும் அழித்தவரும் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள், ஆனாலும் ஓர் ஆள் செத்தான் என்று எழுதுங்கள். உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றித் தட்டச்சு செய்த தாள் மேசையில், உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே இருக்கிறது.

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நீங்கள் வெளியே வந்திருப்பீர்களா, அந்த ஆறு வாரம் பேருந்தில் உட்கார்ந்திருப்பீர்களா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒருவேளை இன்னும் நல்ல வினாத்தாள் ஒன்றைத் தயாரித்திருப்பீர்கள். அதனால் என் மௌனம் நல்லது என்று ஆகிவிடாது. உங்களைப் பதினான்கு ஆண்டுகள் ஒரு பொய்க்கணக்கைச் சுமக்க விட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். கேட்கிறேன்.

மண்டபத்தில் இருக்கும் அனைவர் சார்பிலும் வாழ்த்துகிறோம்: நோயின்றி, நெடுநாள், நிறைவாக வாழுங்கள். நிம்மதியாக வாழுங்கள் என்று சொல்லத் துணியவில்லை, அது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் நன்றாகத் தூங்குங்கள். எங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருங்கள். பதில் சொல்ல நாங்கள் இங்கேதான் இருப்போம்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நான் தொடவில்லை. நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் எழுதும் கோரிக்கை அதில் அப்படியே இருக்கிறது. இன்று காலை போய் மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஓட்டுநர்கள் நாற்பத்தாறு பேர். ஓய்வறையில் கட்டில்கள் ஆறு.

உங்களோடு வேலை செய்தவர்கள்,
பணிமனை ஊழியர்கள் அனைவரும்;
அவர்களுக்காக எழுதியவள், ஆலோசனை அறை உதவியாளர்.